வேலூர் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு: இரவு பத்து மணிக்குப் பிறகு கதவைத் தட்டாதீர்கள்

வேலூரில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கும் விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உங்கள் பணியாளர் எவரும் எந்த அறையின் கதவையும் தட்டக் கூடாது என்று உங்கள் விடுதிகளில் விதி செய்யுங்கள். தீ விபத்து, உயிருக்கு ஆபத்து, காவல்துறைச் சோதனை, அறையில் தங்கியிருப்பவரே அழைப்பது ஆகியவை மட்டும் விலக்காக இருக்கட்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். உங்கள் அறைகளில் படுத்திருப்பவர்கள் யார் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

வேலூர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர் மாலைக்குள் பஸ் ஏறிவிடுவார். காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் நாள் வாடகைக்கு அறை எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லது நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு இரவுகள் ரயிலில் படுத்து, காட்பாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வருகிறார்கள். வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். என்னைப் போலத் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. விடியற்காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காக முதல் நாளே வந்து தங்குகிறோம். எங்களில் யாருக்கும் அது விடுமுறை நாள் அல்ல. சிலருக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. சிலருக்கு அன்று மாலைதான் மருத்துவர் வியாதியின் பெயரைச் சொல்லியிருப்பார். நாள் முழுக்க அலைந்துவிட்டு வருகிற அந்த மனிதர்கள் உங்களிடம் காசு கொடுத்து வாங்குவது சில மணி நேரத் தூக்கத்தைத்தான்.

என் அம்மாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுப்பதற்கு முந்தைய இரவு உங்களில் ஒருவரின் விடுதியில் தங்கினோம். எந்த விடுதி என்று இங்கே எழுதப்போவதில்லை. அதே தெருவில் தங்கிய மற்றவர்களும் இதே கதையைச் சொன்னதால், ஒரு விடுதியின் பெயரைக் கெடுப்பதில் பயன் இல்லை என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள் என்று செவிலியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பதரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டோம். பத்தரை மணி வாக்கில் முதல் தட்டல். ஆதார் நகல் வேண்டும் என்றார் விடுதியில் வேலை செய்யும் பையன். அறை எடுக்கும்போதே கொடுத்தாகிவிட்டது, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது என்றேன். பகல் ஷிப்ட் மேலாளர் போய்விட்டார், இரவு மேலாளரிடம் நகல் இல்லை, அவர் கேட்கிறார் என்று பதில் வந்தது. அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் தர இன்னொரு முறை தட்டினார்கள்.

அதன் பிறகு நடைக்கூடத்தில் பேச்சு. அடுத்த மாடியில் இருக்கும் பையனைக் கீழிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கைபேசியில் யாரோ சத்தமாக ஏதோ பார்க்கிறார்கள். கூடுதல் படுக்கை கேட்ட அறைக்காக மடக்குக் கட்டிலைத் தூக்காமல் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள்; கல் தரையில் இரும்புக் கால் உரசும் ஒலி மாடி முழுவதும் கேட்டது. உங்கள் ஏசி இல்லாத அறைகளில் கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு வெண்டிலேட்டர் இருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது தேவைதான். ஆனால் அது திறந்திருப்பதால் நடைக்கூடத்தில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் கட்டிலின் தலைமாட்டில் பேசுவதுபோல் கேட்கிறது. அந்த அறையில் ஓர் இரவு நீங்களே படுத்துப் பார்த்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது.

இரண்டு மணிக்கு மேல் நடந்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. யாரும் தட்டவில்லை. பூட்டில் சாவி திரும்பியது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவு திறக்கவில்லை. ஆனாலும் வெளியிலிருந்து இரண்டு மூன்று முறை அழுத்தித் தள்ளினார்கள். இரண்டு பெண்கள் மட்டும் படுத்திருக்கும் அறை. அம்மா எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யார் என்று நான் கத்தினேன். வெளியே அமைதி. பிறகு, ரயிலில் இறங்கி வந்தவர்களுக்கு வேறு அறையைக் காட்டப் போய் எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டதாக ஒரு குரல் சொன்னது. மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இதய நோய்க்காகப் பரிசோதனைக்கு வந்திருக்கும் ஒரு பெண்மணியின் நெஞ்சு அந்த நேரத்தில் எப்படி அடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு அவர் தூங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான்கரை மணிக்கு, வெந்நீர் வந்துவிட்டது, ஏழு மணிக்கு நிறுத்திவிடுவோம் என்று மாடி முழுவதும் வரிசையாகக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

காலையில் மருத்துவமனையில் அம்மாவின் ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. சற்று நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடியும் பார்த்த பிறகுதான் உள்ளே அழைத்துப் போனார்கள். அந்த இரவுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பயமும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் உயரும் என்பது மருத்துவர்கள் அன்றாடம் சொல்வதுதான். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில்தான் வருகிறது. உங்கள் பணியாளர்கள் நகல் கேட்டும் கட்டில் இழுத்தும் கலைப்பது சரியாக அந்த நேரத்தை. வயதானவர்களுக்கு அந்த ஆழ்ந்த உறக்கமே குறைவு. சின்னச் சத்தத்துக்கும் விழித்துவிடுவார்கள், திரும்பத் தூக்கம் பிடிக்க நேரமாகும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கையறைக்குள் இரவில் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபலுக்குள்ளும், திடீரென்று எழும் தனி ஒலி 45 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மரக் கதவில் விரல் முட்டியால் ஓங்கித் தட்டினால் உள்ளே எவ்வளவு கேட்கும் என்பதற்குக் கருவி தேவையில்லை.

எங்களைவிடப் பக்கத்து அறைக்காரர்களின் நிலைமை மோசம். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம், கைக்குழந்தைக்குச் சிகிச்சை. முந்தைய நாள் நடு இரவில் ரயிலில் வந்து அறை எடுத்திருக்கிறார்கள். உங்களிடம் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது அல்லவா? அந்தக் கணக்குப்படி அவர்களுடைய நாள் நடு இரவில் முடிகிறது. அறையை நீட்டிக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று கேட்க அதே நடு இரவில் ஒருவர் வந்து தட்டியிருக்கிறார். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. அந்தத் தாய் நடைக்கூடத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை மறுநாள் காலை என்னிடம் சொன்னார். 24 மணி நேர வாடகை முறை எங்களுக்கு நல்லதுதான். நள்ளிரவில் வருகிறவர் காலையில் ஒரு நாள் வாடகையை இழக்காமல் இருக்க அது உதவுகிறது. அதற்காகப் பணம் கேட்கும் நேரமும் நள்ளிரவாக இருக்க வேண்டுமா? முந்தைய மாலை எட்டு மணிக்குக் கேட்டால் போதாதா?

கோபம் அந்தப் பையன்கள் மேல் இல்லை. காலையில் கீழே இறங்கும்போது, இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்த பையன் படிக்கட்டுக்கு அடியில், துவைக்கப் போட்ட விரிப்புகளின் மேல் சுருண்டு படுத்திருந்தார். இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவருக்கு உட்கார ஓர் அறை இல்லை. அதனால் நடைக்கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார். மாடிக்கு மாடி பேச இண்டர்காம் வேலை செய்யவில்லை, அதனால் கத்துகிறார். கட்டிலை இன்னொருவரோடு சேர்ந்து தூக்க ஆள் இல்லை, அதனால் இழுக்கிறார். பகல் மேலாளர் நகலை எங்கே வைத்தார் என்று எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் மறுபடியும் வந்து கேட்கிறார். இவை ஒவ்வொன்றும் உரிமையாளர் செய்ய வேண்டிய ஏற்பாடு. விருந்தினர் புகார் செய்தால் அந்தப் பையனின் சம்பளத்தில் கை வைத்துவிட்டு விஷயத்தை முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே திருத்தியது. இரவு வேலை செய்கிறவர் கொஞ்ச நேரம் கால் நீட்ட ஓர் இடம் தருவதும் அதே வகையான நியாயம்தான்.

மலிவான வாடகைக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். வரவேற்பு மேசையில் இருந்த மேலாளர் என்னிடம் ஏறத்தாழ அதைத்தான் சொன்னார். ஏசி இல்லை, டிவி இல்லை, லிஃப்ட் இல்லை. சரி, கொடுத்த காசுக்கு அது நியாயம். ஆனால் தட்டாமல் இருக்க என்ன செலவு? சாதாரண ஸ்லீப்பர் டிக்கெட்டில் வருகிற பயணிக்குக்கூட ரயில்வே இந்த மரியாதையைத் தருகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, ஏற்கெனவே ஏறிப் படுத்துவிட்ட பயணியை டிக்கெட் பரிசோதகர் எழுப்பக் கூடாது. சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது. இரவு விளக்கைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். எல்லாப் பெட்டியிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதி இருக்கிறது. அதைச் சொல்லிப் பயணி சண்டை போடலாம். ஹவுராவிலிருந்து காட்பாடி வரை ஓடுகிற ரயிலில் கிடைத்த தூக்கம், ஆடாமல் அசையாமல் நிற்கிற உங்கள் கட்டடத்தில் கிடைக்கவில்லை என்று பக்கத்து அறைப் பெரியவர் சொன்னார். இந்த ஊரில் விருந்தினர்களை நம்பி வாழ்கிற எல்லோரும் அதைக் கேட்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு நள்ளிரவில் கதவு தட்டப்படுவதன் அருமை தெரியும். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான தந்தையை அனுப்பலாம் என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு அவர் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் உங்கள் விடுதிகளுக்கு எதிரே நிற்கும் மருத்துவமனை. அங்கே வருகிறவர்களை நம்பித்தான் உங்கள் அறைகள் நிறைகின்றன. உயிர் போகும் நேரத்தில் தட்டுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டோம். ஆதார் நகலுக்கும் வெந்நீருக்கும் தட்டாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் 6 மணி வரை. மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமாக அறிவிக்க அந்த விதிகள் வழி செய்கின்றன. அங்கே இரவு எல்லை 40 டெசிபல். உங்கள் நடைக்கூடத்துக்குள் யாரும் கருவியோடு வந்து அளக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதி யாருக்காக எழுதப்பட்டதோ அந்த நோயாளி, சாலையைக் கடந்து உங்கள் அறைக்கு வந்ததும் நோயாளியாக இல்லாமல் போய்விடுகிறாரா? டெல்லி ராம்லீலா மைதானத்தில் 2011-இல் உறங்கிக்கொண்டிருந்த மக்களை நள்ளிரவில் போலீசார் விரட்டிய வழக்கில், 2012 தீர்ப்பில், உறக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசுக்கு எதிரான வழக்கு; உங்கள் விடுதிக்கு அப்படியே பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். காசு வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். நோயாளியோடு வந்தவர்கள் அதையெல்லாம் செய்ய மாட்டோம். அதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அடுத்த முறை வேறு விடுதியைத் தேடுவோம், அங்கேயும் இதுவே நடக்கும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போலீஸ் சோதனை வரும், பதிவேடு சரியாக இருக்க வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரம் பதிய வேண்டும் என்பதும் உண்மை. இதற்கெல்லாம் தீர்வு வரவேற்பு மேசையிலேயே இருக்கிறது. சாவியைக் கொடுப்பதற்கு முன் அடையாள அட்டையைக் கைபேசியிலோ நகல் எந்திரத்திலோ எடுத்து, அறை எண் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். ஷிப்ட் மாறும்போது எந்த அறையில் யார், யார் பணம் கட்டியாகிவிட்டது, யார் நீட்டிக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். விடியற்காலையில் எழுப்ப வேண்டுமா என்று அறை கொடுக்கும்போதே கேளுங்கள். வேண்டும் என்றவரை மட்டும் எழுப்புங்கள். வெந்நீர் நேரத்தை அறைக்குள் எழுதி ஒட்டுங்கள். தமிழ், இந்தி, வங்காளி என்று மூன்று மொழியில் வாடகையை எழுதி வைக்க உங்களுக்குத் தெரிகிறது. அதே மூன்று மொழியில் இதையும் எழுதலாம். இரவு ரயிலில் வருகிறவர்களுக்கென்று தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ இரண்டு அறைகளை ஒதுக்கி வைத்தால் மேல் மாடிகளில் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். மடக்குக் கட்டிலின் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டுங்கள்.

சாவி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் ஏற்க மாட்டேன். ஆள் இருக்கும் அறையின் மாற்றுச் சாவி மேலாளரின் பூட்டிய இழுப்பறையில் இருக்க வேண்டும். பையன்களின் இடுப்பில் தொங்கும் கொத்தில் அல்ல. புது விருந்தினரை அழைத்துப் போகிறவரிடம் அந்த ஓர் அறையின் சாவி மட்டும் இருந்தால், தவறான கதவு திறக்கவே முடியாது. நேற்றுவரை முன்பின் தெரியாத கட்டடத்தில், மருந்து மயக்கத்திலோ வலியிலோ படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான் காவல். சில அறைகளில் அதுவும் ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

விருந்தினர்களும் சத்தம் போடுகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அறையிலேயே சமைக்க நீங்கள் அனுமதிக்கிறீர்கள், அது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. விடியற்காலையில் பாத்திரம் உருட்டும் சத்தம் அதோடு சேர்ந்துதான் வரும். ஊரில் இருப்பவர்களோடு கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுகிறவர்கள் எங்களிலும் உண்டு. ஆனால் பத்து மணிக்குப் பிறகு மெதுவாகப் பேசுங்கள் என்று எங்களுக்குச் சொல்லும் தகுதி, உங்கள் நடைக்கூடம் முதலில் அடங்கினால்தான் உங்களுக்கு வரும்.

மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. விடுதிகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தீயணைப்பு வசதியையும் கழிவறையையும் பார்க்கிறீர்கள். அறைக் கதவுகளில் உட்தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா, இரவுப் பணியாளருக்கு ஓர் அறை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மருந்துகள் கொடுத்திருக்கிறார்கள். மறுபரிசோதனைக்கு மறுபடியும் வேலூர் வர வேண்டும், மறுபடியும் உங்கள் தெருவில்தான் தங்க வேண்டும். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வரவேற்பு மேசையில் இரண்டு கேள்விகள் கேட்பேன்: இரவு பத்து மணிக்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகக் கதவைத் தட்டுவீர்கள்? என் அறையின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கும்? நோயாளியோடு வேலூர் வருகிற எல்லோரும் இந்த இரண்டையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதிலை இப்போதே தயார் செய்து வையுங்கள்.

இப்படிக்கு,
அரூர் பக்கத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்த ஒரு மகள்